கசப்பு வேறு, காஃபீன் வேறு

மாதுங்கா ஃபில்டர், தாராவி பொட்டலம், செம்பூர் மிஷின். மும்பைத் தமிழர்களின் மூன்று காபிகளில் உண்மையிலேயே 'ஸ்ட்ராங்' எது? நாக்கு சொல்லும் பதில் பெரும்பாலும் தவறு.

மாதுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு காபிப் பொடிக் கடையில் நின்று, "நல்லா ஸ்ட்ராங்கா அரைக் கிலோ கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "சிக்கரி எவ்வளவு போடட்டும் சார்?" என்ற கேள்வி உடனே வரும். கேட்டதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இருப்பதாகவே இருவரும் நினைக்கிறார்கள். ஏனென்றால் நம்மவர் அகராதியில் 'ஸ்ட்ராங்' என்றால் கறுப்பு, கெட்டி, கசப்பு. இந்த மூன்றையும் தாராளமாகத் தருவது சிக்கரிதான். ஆனால் அதில் காஃபீன் துளிகூடக் கிடையாது.

அதனால் என்ன என்று கேட்கலாம். குடிக்கிறவர் ஆரோக்கியமாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. டாக்டர் ஒருநாள் "காபியைக் குறைங்க" என்று சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ரத்த அழுத்தம், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, வீட்டில் கர்ப்பிணி மருமகள் என்று ஏதோ ஒரு காரணம். உடனே ஒருவர் பாலைக் கூட்டுகிறார். இன்னொருவர் டீக்கு மாறுகிறார். மூன்றாமவர் கறுப்பாக இருக்கிறதே என்று சிக்கரிப் பொடியை நிறுத்திவிட்டு, மலிவான 'பியூர் காபி' வாங்குகிறார். மூன்றாமவருக்குக் காஃபீன் குறைவதில்லை, கூடிவிடுகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி இதற்கு ஒரு கணக்கைத் தந்திருக்கிறது. ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. அதாவது மூன்று டம்ளர் நல்ல காபியோடு அன்றைய கோட்டா ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனால் 'வடித்த காபி' என்ற ஒரே பெயருக்குள் எத்தனை விதம் என்பது மும்பையின் மூன்று தமிழ்ப் பேட்டைகளைச் சுற்றி வந்தால் புரியும்.

மாதுங்கா: சொட்டுச் சொட்டாக

1896-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளில் ஒன்று மாதுங்கா. ரயில்வேயிலும் வணிக அலுவலகங்களிலும் குமாஸ்தா, சுருக்கெழுத்தர் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. பள்ளிக்கூடத்தைத் தொடர்ந்து ஓட்டல்கள் வந்தன. 1936-ல் கஃபே மைசூர், 1939-ல் ராம் ஆஷ்ரயா, 1940-ல் கஃபே மெட்ராஸ். நடத்தியவர்கள் பெரும்பாலும் கன்னடக் கரைக்காரர்கள், குடித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், கொட்டை வந்தது குடகு, சிக்மகளூர் மலைகளிலிருந்து. கஃபே மைசூர் தொடங்கிய அதே 1936-ல்தான் காபி வாரியத்தின் முன்னோடியான காபி செஸ் கமிட்டி, சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸைத் திறந்தது. ஆக, நாட்டின் மிகப் பெரிய டீ நகரங்களில் ஒன்றில் காபிக்கும் ஒரு பழைய விலாசம் உண்டு.

மாதுங்கா வீடுகளில் இன்றும் ராஜா, இரண்டு அடுக்குக் கொண்ட ஃபில்டர்தான். மேலடுக்கில் பொடி. அதன்மேல் குடை மாதிரி ஒரு தட்டு. கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடி வைத்தால் பதினைந்து, இருபது நிமிடத்தில் கீழடுக்கில் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். இதில் அழுத்தம் இல்லை, இயந்திரம் இல்லை. வேலை செய்வது புவியீர்ப்பும் பொறுமையும்தான்.

30 கிராம் பொடியில் 150 மில்லி வெந்நீர் ஊற்றினால் கீழே கிடைப்பது சுமார் 90 மில்லி. மீதியைப் பொடியே குடித்துக்கொள்ளும். அந்த 90 மில்லியை மூன்று டம்ளருக்குப் பங்கிட்டுப் பால் சேர்ப்பது நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் பொடி. தண்ணீர் குறைவு, பொடி அதிகம், நேரம் நிறைய. அதனால்தான் இந்த டிகாக்‌ஷன் பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்கிறது. பாலில் உள்ள புரதம் காபியின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. கசப்பு மழுங்கி மணம் மட்டும் மேலெழும்புகிறது. டவரா, டம்ளரில் ஆற்றும்போது நுரையோடு காற்றும் சேர்வதால் வாசனை மூக்குக்கு முதலில் போய்ச் சேர்கிறது.

காஃபீன் வெந்நீரில் எளிதில் கரையும் பொருள். மெதுவாக இறங்கும் முதல் டிகாக்‌ஷனிலேயே அதன் பெரும்பகுதி வந்துவிடுகிறது. அதே பொடியில் மறுபடி நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனில் மிஞ்சுவது கொஞ்சம் காஃபீனும் நிறையக் கசப்பும்தான். விருந்தாளிக்கு முதல் டிகாக்‌ஷன், வேலைக்கு வருகிறவருக்கு இரண்டாவது என்று பாகுபாடு பார்த்த வீடுகள் ஒருகாலத்தில் ஏராளம். மரியாதை குறைந்த டம்ளரில் காஃபீனும் குறைவாகவே இருந்தது.

பொடிக் கடைக் கணக்கு

காபிச் செடியில் நமக்கு முக்கியம் இரண்டு இனங்கள். மலை உயரத்தில் நிழலில் வளரும் அரபிக்கா. தாழ்வான இடங்களிலும் தாக்குப்பிடிக்கும் ரோபஸ்டா. அரபிக்கா மணத்துக்குப் பெயர் போனது. அதில் காஃபீன் எடையில் சுமார் 1.2 சதவீதம். ரோபஸ்டா கசப்பும் நுரையும் கெட்டித்தன்மையும் தரும். அதில் சுமார் 2.2 சதவீதம், கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்தியாவில் ஆண்டுக்கு விளையும் சுமார் மூன்றரை லட்சம் டன் காபியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ரோபஸ்டாதான்.

இப்போது பத்து கிராம் பொடியை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

சிக்கரியே இல்லாத அரபிக்காப் பொடியில் இருக்கும் காஃபீன் 120 மில்லிகிராம். எண்பதுக்கு இருபது என்று சிக்கரி கலந்தால் 96. அறுபதுக்கு நாற்பது என்றால் 72. இதுவரை கணக்கு எதிர்பார்த்தபடிதான் போகிறது.

காபிப் பங்கில் பாதியை ரோபஸ்டாவாக மாற்றுங்கள். எண்பதுக்கு இருபது பொடியில் காஃபீன் 136 மில்லிகிராமுக்கு ஏறிவிடுகிறது. முழுக்க ரோபஸ்டாவை எடுத்து, சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை சிக்கரி கலந்தாலும் 112 மில்லிகிராம். அதாவது பாதிக்குப் பாதி சிக்கரி சேர்ந்த மலிவுப் பொடியும், சிக்கரி கலக்காத உயர்ந்த அரபிக்காவும் காஃபீனில் கிட்டத்தட்டச் சமம். பொடியில் இருப்பது முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்காது என்பதால், டம்ளருக்கு வந்து சேர்வது இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் வரிசை மாறாது.

சட்டம் சொல்வது இதுதான்: காபி-சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். கலந்த விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும். உறையில் சிக்கரியின் விகிதம் இருக்கும். அரபிக்கா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு என்பது பெரும்பாலும் இருக்காது. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் மாதுங்காக் கடைகளின் பெருமை இங்கேதான். கேட்டால் சொல்வார்கள், கேட்டபடி கலந்தும் தருவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

வறுவலிலும் ஒரு மயக்கம் உண்டு. கறுக்க வறுத்த கொட்டையில் காஃபீன் அதிகம் என்பது பரவலான நம்பிக்கை. வறுக்கும் சூட்டில் காஃபீன் பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாறுவது நிறமும் மணமும்தான். காபியின் கசப்பில் காஃபீனின் பங்கும் சிறியது. வறுவலில் பிறக்கும் வேறு பொருள்களே நாக்கில் அதிகம் உறைக்கின்றன.

தாராவி: ஒரு பொட்டலம், ஒரு கிளாஸ்

மாதுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி, லேபர் கேம்ப் வழியாக நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். தூரம் கொஞ்சம்தான். காபியில் மட்டும் அது வேறு ஊர்.

தோல் பதனிடும் வேலைக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நெல்லைச் சீமை மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ஹார்ன் அடித்தபடி நகரமெங்கும் விற்கப் போகிறவர்களும் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மாதுங்காவும் தாராவியும் ஒரே மொழி பேசினாலும், ஃபில்டர் இந்தப் பக்கம் அதிகமாக வரவில்லை.

காரணம் வெறும் ருசி அல்ல. தமிழ்நாட்டில் காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் ஆயின என்பதை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற ஆய்வில் விவரித்திருக்கிறார். தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை என்று பலகை மாட்டிய காபி கிளப்புகள் இருந்த நாட்டிலிருந்துதான் இரு தரப்பாரும் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். அந்தப் பழக்கத்தின் எச்சம் ருசியிலும் தங்கிவிட்டது. தவிர, ஒற்றை அறை வீட்டில் வேலைக்கு ஓடுகிறவருக்கு இருபது நிமிடம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏது நேரம்? குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அதுவே.

எனவே இங்கே டீ, அதற்கு அடுத்தபடியாக இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம். வடித்த காபியைத் தொழிற்சாலையிலேயே உலர்த்திப் பொடியாக்கியதுதான் இன்ஸ்டன்ட். உலர்த்தும்போது மணத்தில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடுகிறது. சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் நம் நாட்டில் சகஜம் என்பதால் நிறம் மட்டும் குறையாது. ஒரு கிளாஸுக்கு ஒன்றரை, இரண்டு கிராம் போதும். காஃபீன் ஃபில்டர் காபியில் பாதி, சில சமயம் அதிலும் குறைவு. டாக்டர் சொன்னதற்காகக் காபியைக் குறைக்க நினைக்கும் மாதுங்காக்காரர் இளக்காரமாகப் பார்க்கும் இந்தக் கிளாஸ்தான், காஃபீன் கணக்கில் அவருக்கு ஏற்றது.

நெல்லைக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இன்னொரு 'காபி'யும் உண்டு. சுக்கு, மல்லி, கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கும் சுக்குக் காபி. காபிப் பொடி சேர்க்காமல் செய்தால் காஃபீன் பூஜ்யம். ஆனால் தொண்டையில் காரமாக இறங்குவதால் இதைவிட 'ஸ்ட்ராங்' வேறில்லை என்று தோன்றும். நாக்கின் தீர்ப்பை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தாராவியில் கவலைப்பட வேண்டியது காஃபீனைவிட வேறொன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால் என்ற பொருள்கள், தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. டீயில் இந்தத் தடை இன்னும் அதிகம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது இதனால்தான். அப்பளம் இட்டு, துணி தைத்து, வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணுக்குக் காலை உணவே பாவும் கிளாஸ் டீயும் என்றால், உள்ள கொஞ்ச நஞ்ச இரும்பும் வீண். அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதும் அதே கதைதான்.

செம்பூர்: நுரையின் இரண்டு முகங்கள்

மாதுங்காவில் வாடகை ஏறியபோது நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் கிழக்கே செம்பூருக்கு நகர்ந்தன. ஃபைன் ஆர்ட்ஸ் சபாவும் சேடா நகர் முருகன் கோயிலும் உள்ள இந்தப் பேட்டையில் ஃபில்டருக்குக் குறைவில்லை. ஆனால் அடுத்த தலைமுறை மிஷின் காபிக்குப் பழகிவிட்டது.

மிஷின் காபியில் இரண்டு வகை. ஒன்று, கல்யாண மண்டபத்து 'எஸ்பிரெஸோ'. இன்ஸ்டன்ட் பொடியும் சர்க்கரையும் போட்டு, நீராவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு உஸ் என்று நுரைக்க வைத்து, மேலே கோகோ தூவித் தருவது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இது இல்லாத கல்யாணம் கௌரவக் குறைவு. இதில் எஸ்பிரெஸோ என்பது பெயர் மட்டும்தான். காஃபீன் இன்ஸ்டன்ட் காபி அளவே.

மற்றது, 1996-ல் பெங்களூரில் கஃபே காபி டே தொடங்கி வைத்த கடைக் கலாசாரத்தின் எஸ்பிரெஸோ. 2012-ல் ஸ்டார்பக்ஸ் தன் முதல் இந்தியக் கடையை மும்பை ஹார்னிமன் சர்க்கிளில்தான் திறந்தது. இந்த இத்தாலிய முறையில், நைஸாக அரைத்த பொடி வழியே வளிமண்டலத்தைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் பாய்கிறது. ஃபில்டர் இருபது நிமிடத்தில் செய்வதை இது முப்பது விநாடியில் முடிக்கிறது. அழுத்தத்தில் எண்ணெயும் நீரும் கலந்து மேலே செம்பொன் நுரை படியும். ருசி முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். ஆனால் 30 மில்லியில் காஃபீன் சுமார் 63 மில்லிகிராம்தான். மாதுங்கா டம்ளரைவிடக் குறைவு. கடையில் பெரிய கப் கேட்டால் இரண்டு பங்கு ஊற்றுவார்கள். அப்போது 125-ஐத் தொடும்.

இளைஞர்கள் விரும்பும் 'கோல்டு புரூ' இன்னொரு ஏமாற்று. பொடியைக் குளிர்ந்த நீரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து வடிப்பது. புளிப்பும் கசப்பும் குறைந்து, பானகம் மாதிரி இறங்கும். பொடி நிறையப் போடுவதால் காஃபீன் குறைவதில்லை, பல சமயம் கூடுதல். கசக்கவில்லையே என்று இரண்டு கிளாஸ் குடித்தவர் இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்ணெய் என்ற இன்னொரு கணக்கு

காபிக் கொட்டையில் உள்ள எண்ணெயில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் பொருள்கள் இருக்கின்றன. பொடியைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடிக்கும் வழக்கமுள்ள நார்வே, பின்லாந்து நாடுகளில் 1980களில் நடந்த ஆய்வுகள் இதை வெளிக்கொண்டு வந்தன. காகித வடிகட்டி இந்த எண்ணெயை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். இன்ஸ்டன்டிலும் மிகக் குறைவு. உலோக ஃபில்டரின் துளைகள் எண்ணெயைத் தடுக்காது. பொடிப் படுகை ஓரளவு பிடித்துக்கொள்வதோடு சரி. பொடியை நேராகப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பதுதான் இந்த வகையில் மோசம். கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்கள் டிகாக்‌ஷனை ஒரு மெல்லிய காகித வடிகட்டியில் மறுபடி இறக்கிக் குடிக்கலாம். ருசி சற்றே மெலியும். காஃபீன் அப்படியே இருக்கும்.

ருசி போகாமல் குறைக்க

காஃபீனைக் குறைக்கச் சொன்னால் காபியையே விட வேண்டியதில்லை. பாலைக் கூட்டினாலும் பயனில்லை. டிகாக்‌ஷன் அதே அளவு இருந்தால் காஃபீனும் அதே அளவுதான். மாற்ற வேண்டியது பொடி, அளவு, நேரம்.

பொடியில் ரோபஸ்டாவைக் குறைத்து அரபிக்காவைக் கூட்டுங்கள். அதோடு முப்பது, நாற்பது சதவீதம் சிக்கரி சேர்த்தால் நிறமும் கெட்டியும் கெடாது. காஃபீன் கணிசமாக இறங்கும். நாக்கு புகார் சொல்லாது.

நேரமும் முக்கியம். உடம்பில் ஏறிய காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் விழித்திருக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த நேரம் பல மணி நீள்கிறது. கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது பல நாட்டு மருத்துவ அமைப்புகளின் அறிவுரை. நல்ல ஃபில்டர் காபி என்றால் இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த முறை மாதுங்காக் கடையில் நிற்கும்போது 'ஸ்ட்ராங்கா' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "அரபிக்கா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு, சிக்கரி எவ்வளவு?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கடைக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு தராசில் மூன்றையும் தனித்தனியாக நிறுத்துப் போடுவார்.

எந்த டம்ளரில் எவ்வளவு?
(காஃபீன், மில்லிகிராமில். ஃபில்டர் காபிக்குப் பத்து கிராம் பொடியில் இருக்கும் அளவு. டம்ளரில் சற்றுக் குறையும்.)

ஃபில்டர், அரபிக்கா மட்டும்: 120
ஃபில்டர், அரபிக்கா 80, சிக்கரி 20: 96
ஃபில்டர், அரபிக்கா 60, சிக்கரி 40: 72
ஃபில்டர், அரபிக்கா 40, ரோபஸ்டா 40, சிக்கரி 20: 136
ஃபில்டர், ரோபஸ்டா 51, சிக்கரி 49: 112
இன்ஸ்டன்ட், 150 மில்லி: 50 - 65
கல்யாண மண்டப 'எஸ்பிரெஸோ': இன்ஸ்டன்ட் அளவே
அசல் எஸ்பிரெஸோ, 30 மில்லி: சுமார் 63
டீ, 150 மில்லி: 30 - 65
காபிப் பொடி சேராத சுக்குக் காபி: 0